போர்டில் பார்த்த பெயர்: அடையாறில் வாழ்ந்த மரியா மாண்டிசோரி யார்?

எல்கேஜி அட்மிஷனுக்கு அலைந்தவர்கள் இந்தப் பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது. தெருமுனை ப்ளே ஸ்கூல் போர்டில்கூட ‘மாண்டிசோரி’ என்று இருக்கும். ஏதோ பாடத்திட்டத்தின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெண்ணின் பெயர். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, எதிரி நாட்டுக்காரர் என்ற முத்திரையோடு சென்னை அடையாறில் இருந்தவர் அவர்.

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்த மரியா மாண்டிசோரி, 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். (இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று சுற்றும் தகவல் தப்பு. அவருக்கு முன்பே சிலர் உண்டு.) மனநலப் பிரிவில் வேலை பார்த்தபோது, அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருந்தைவிடப் பயிற்சிதான் தேவை என்ற முடிவுக்கு வந்தார். தொட்டும், எடுத்து அடுக்கியும் பழகக்கூடிய பொருட்களைக் கொடுத்ததும் அந்தப் பிள்ளைகள் படிக்க ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் மற்ற பிள்ளைகளைப் பள்ளிகள் ஏன் சும்மா உட்கார வைக்கின்றன என்ற கேள்வி அவருக்கு வந்தது.

1907 ஜனவரியில் வாய்ப்பு கிடைத்தது. ரோமின் சான் லொரென்சோ, கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்பது கட்டடக்காரர்களின் கவலை. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாண்டிசோரிக்கு வந்தது. இன்று லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிப் படிக்கும் முறை, அங்கேதான் தொடங்கியது.

அப்படி என்ன செய்தார்?

ஒரு உதாரணம் போதும். போர்டில் 1,000 என்று எழுதினால், குழந்தைக்கு அது ஒரு ஒன்றும் மூன்று சைபரும். அவ்வளவுதான். மாண்டிசோரி வகுப்பில் முதலில் ஒற்றை மணி கைக்கு வரும். கம்பியில் பத்து மணி கோத்தால் 10. பத்துக் கம்பி சேர்ந்தால் சதுரம், 100. பத்துச் சதுரத்தை அடுக்கினால் கனசதுரம், 1,000. ஒன்றுக்கும் ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை எடையிலேயே உணரும்.

நம்மில் பலரைப் படுத்திய ‘கடன் வாங்கிக் கழித்தல்’ இங்கே சில்லறை மாத்துற விஷயம். 42-ல் 17 போக வேண்டும். உதிரி மணி 2 தான் இருக்கிறது, 7 எடுக்க முடியாது. ஒரு பத்துக் கம்பியைக் கொடுத்துப் பத்து உதிரி மணி வாங்கிக்கொண்டால் 12. அதில் 7 எடுத்தால் மீதி 5. பக்கத்துத் தலைக்கு மேல் 1 போட்டதன் காரணம் அப்போது கண்ணுக்கே தெரியும்.

இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் போடலாம் என்பதுதான் சிக்கல். உள்ளே மணிகள் அலமாரியில் பூட்டியே இருந்து, பிள்ளைகள் நோட்டில் காப்பி ரைட்டிங் எழுதிக்கொண்டிருந்தால், பெயர் மட்டும்தான் மாண்டிசோரி.

சொல்ல முடியாத உறவு

குழந்தைகளுக்காக வாழ்ந்தவர், தன் குழந்தையை வெளியில் காட்டிக்கொள்ள முடியவில்லை. 1898-ல் பிறந்த மரியோவின் தந்தை, உடன் வேலை பார்த்த டாக்டர் மொன்டெசானோ. திருமணம் நடக்கவில்லை. விஷயம் தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும் காலம். குழந்தை கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். டீன் ஏஜில்தான் அம்மாவிடம் வந்தான். அதன் பிறகும் ஊருக்கு அவன் ‘உறவுக்காரப் பையன்’.

இத்தாலியில் முசோலினியின் ஆதரவை 1920-களில் மாண்டிசோரி ஏற்றுக்கொண்டார். அவர்மீது இன்றும் வைக்கப்படும் விமர்சனம் இது. 1934-ல் அந்த உறவு முறிந்தது. அங்கே அவருடைய பள்ளிகளும் மூடப்பட்டன.

1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியோவோடு அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் எல்லாம் மாறியது. மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரிக்கு சபை வளாகத்தைத் தாண்டத் தடை. ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மரியோ விடுதலை. அந்தத் தந்தியில் மரியோ, மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார்.

அடுத்து இருவரும் கொடைக்கானல் போனார்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான பாடமுறையை அங்கேதான் சேர்ந்து விரிவாக உருவாக்கினார்கள். செடி, பூச்சி, பாறை எல்லாமே அதில் பாடப்பொருள். பின்னாளில் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலிலும் மாண்டிசோரி முறையின் சாயல் உண்டு.

1952 மே 6-ல் நெதர்லாந்தின் நூர்ட்விக் நகரில் மாண்டிசோரி காலமானார். அவர் 1929-ல் மகனோடு சேர்ந்து தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தை, அதன் பிறகு 1982-ல் இறக்கும்வரை மரியோவே நடத்தினார்.