சூரபத்மன்

சூரபத்மன் (சூரன்) கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணத்தில் வரும் அசுர அரசன் ஆவான். நினைத்த உருவம் எடுக்கும் மாய ஆற்றல் உடையவன்.

பிறப்பும் ஆட்சியும்

காசிபருக்கும் மாயைக்கும் மூத்த மகனாகப் பிறந்தவன். சிங்கமுகன், தாரகன் ஆகியோர் தம்பியர், அசமுகி தங்கை. கடும் வேள்வி செய்து, 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சிவனிடம் பெற்றான். சிவனது சக்தியன்றி வேறெதுவும் அவனை வெல்ல இயலாது. தென்கடலில் வீரமகேந்திரபுரத்தைத் தலைநகராக்கி, தேவர்களைச் சிறையிட்டான்.

போர்

தேவர்களை விடுவிக்குமாறு தூது வந்த வீரவாகுவும் தம்பி சிங்கமுகனும் கூறியதை அவன் ஏற்கவில்லை. தம்பியரையும் மகன் பானுகோபனையும் போரில் இழந்தான். முருகனின் பேருருவைக் கண்டு சிறிது நேரம் பகை மறந்தான். அது மறைந்ததும் மீண்டும் போரிட்டான். சக்கரவாகப் பறவை, இருள் எனப் பல உருவெடுத்து, இறுதியில் கடல் நடுவே மாமரமாக நின்றான். வேல் அம்மரத்தை இரு கூறாக்கியது. அவை சேவலும் மயிலுமாக எழ, முருகன் அருளால் கொடியும் ஊர்தியும் ஆயின. இதனால் சூரனின் முடிவு அழிவாகவன்றி ஆட்கொள்ளலாகவே கருதப்படுகிறது.

வழிபாட்டில்

திருச்செந்தூரில் கந்தசஷ்டியன்று சூரசம்காரம் நடைபெறுகிறது. ஆர்.கே.பேட்டைக்கு அண்மையிலுள்ள திருத்தணி, போருக்குப்பின் முருகனின் சினம் தணிந்த தலம் என்பதால், அங்கு சூரசம்காரம் நடைபெறுவதில்லை. மலர் வழிபாடே நிகழ்கிறது.