சுங்கம் தவிர்த்த சோழன்

முதற் குலோத்துங்கன் எந்த மொழியினன்? தந்தை இராசராச நரேந்திரன் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன். நன்னயரைக் கொண்டு பாரதத்தைத் தெலுங்கில் பாடுவித்தவன். தாய் அம்மங்கதேவி, கங்கைகொண்ட சோழனின் மகள். தந்தையைப் பெற்ற குந்தவையும் முதலாம் இராசராசனின் திருமகளே. தெலுங்குக் காவியம் பிறந்த அவையின் மைந்தன், பின்னாளில் சயங்கொண்டாரின் பரணிக்குத் தலைவனானான். பாவலர்களாகிய நமக்கு இவ்வொன்றே அவனை நினைக்கப் போதும்.

1070இல் அதிராசேந்திரன் மறைந்த குழப்பத்திடையே அவன் சோழ அரியணை ஏறினான். ஈழம் விசயபாகுவின் கைக்கு நழுவிக்கொண்டிருந்தது. மேற்கே ஆறாம் விக்கிரமாதித்தன் பகைத்து நின்றான். ஈழத்தை மீட்கப் படைவலியை வீணாக்காமல் விட்டதை நான் தோல்வி என்று எண்ணுவதில்லை. கிளர்ந்தெழுந்த பாண்டி நாட்டை அடக்கியபின், அதன் உள்ளாட்சியில் பெரிதும் தலையிடாது, கோட்டாறு முதலிய இடங்களில் நிலைப்படைகளை நிறுத்தினான்.

வேங்கியிலோ வேறு வழி. அங்கே அவன் அயலான் அல்லன். ஆகவே தன் மக்களையே ஒருவர்பின் ஒருவராக ஆளவிட்டான். முதலிற் சென்ற மும்முடிச் சோழன், பெற்றோரின் அடிகளைப் பணிந்திருக்கும் இன்பத்துக்கு அரசின்பம் ஈடாகாதென்று ஓராண்டிலேயே திரும்பிவிட்டதாகச் செப்பேடுகள் கூறும். அரசியலின் நடுவே இப்படியொரு வீட்டுச் செய்தி!

1077இல் 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனத்துச் சுங் மன்னனின் அவைக்குச் சென்று, 81,800 கோவைச் செப்புக்காசுகளைப் பெற்று மீண்டது. கடாரத்தரசன் வேண்ட, 1090இல் நாகைப் புத்த விகாரத்தின் ஊர்களுக்கு வரிநீக்கம் அளித்தான். 1086இல் நாட்டு நிலத்தை அளப்பித்தான்; இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் நிலக்கணக்கு எடுப்பித்ததும் அதே ஆண்டே. வணிகத்தை நெருக்கிய சுங்கத்தை நீக்கியதால், வாளால் வந்த பட்டங்களைவிடச் சுங்கம் தவிர்த்தவன் என்ற பெயரே மக்கள் நாவில் நிலைத்தது.

கலிங்கப் போரைப் பரணி வழியே நாம் அறிவோம். கருணாகரத் தொண்டைமானிடம் தோற்ற அனந்தவர்மன் சோடகங்கனும் சோழர்குலப் பெண்ணான இராசசுந்தரியின் மகன்தான். தாய்வழியிற் சோழனாகிய ஒருவன், தாய்வழியிற் சோழனாகிய மற்றொருவன்மேற் படை விடுத்தான். பரணியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் இது என்னை உறுத்துகிறது.

நம் ஊர்ப்பக்கம் அவன் ஆட்சியின் சுவடுகள் பலவுண்டு. அவன் தானைத் தலைவன் மணவிற்கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன் தில்லையிலும் திருவதிகையிலும் செய்த திருப்பணிகள், அவ்விரு கோயிற் சுவர்களிலும் வெண்பாக்களாகவே பொறிக்கப்பெற்றுள்ளன. காம்போச மன்னன் காட்சியாக அனுப்பிய கல்லொன்று அரசன் ஆணைப்படி தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதை 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. மன்னனின் தங்கை குந்தவையின் கொடைகளும் அதனுடன் பேசப்படுகின்றன.

முதுமையில் கங்கபாடி போசளன் விட்டுணுவர்த்தனனிடம் போயிற்று. 1118இல், அடுத்து முடிசூட வேண்டிய விக்கிரம சோழனை வேங்கியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துக்கொண்டான். மைந்தன் தெற்கே புறப்பட்டதும் தந்தையின் பிறப்புரிமை நாட்டில் விக்கிரமாதித்தனின் படை புகுந்தது.