உண்மையைத் துரத்திய தூரிகை

போர் ஓவியம் என்றவுடன் வாளும் புகையும் பாய்ந்துவரும் குதிரைகளுமே நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால், போர்வீரனின் வாழ்நாளில் போரிடும் பொழுதைவிடக் காத்திருக்கும் பொழுதும் நடந்து களைக்கும் பொழுதுமே மிகுதி. அவ்வோய்வையும் சோர்வையும் ஓவியமாக்கியவர் பிரான்சு நாட்டு ஓவியர் எர்னெஸ்ட் மெசோனியே.

இளமையும் கல்வியும்

மெசோனியே 1815ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் லியோன் நகரில் பிறந்தார். சாயப்பொருள் வணிகரான தந்தை, மகனும் வணிகனாக வேண்டுமென விரும்பினார். மகனின் மனமோ ஓவியத்திலேயே தோய்ந்திருந்தது. லியோன் கோனியே என்னும் ஓவியரிடம் சில திங்கள் மட்டுமே பயின்ற அவர், நூல்களுக்குப் படம் வரைந்து பிழைத்தார். பழைய டச்சு ஓவியங்களைக் கண்டு தாமே கற்றார். சதுரங்கம் ஆடுவோர், நூல் படிப்போர், விடுதி வாயிலில் குதிரையை நிறுத்தி இளைப்பாறுவோர் எனச் சிறுசிறு காட்சிகளை நுணுக்கமாகத் தீட்டினார். உள்ளங்கையளவு ஓவியத்திலும் சட்டைப் பொத்தான் தெளிவாகத் தெரியும். அந்நுணுக்கமே அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

கண்ணால் கண்ட போர்

1848ஆம் ஆண்டு சூன் திங்களில் பாரிசுத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். மெசோனியே அப்போது தேசியக் காவற்படையில் பீரங்கிப் பிரிவுத் தலைவராக அரசின் பக்கம் நின்றார். தம் பக்கத்தாரின் குண்டுகளுக்கு இரையான எளிய மக்கள், தகர்ந்த தடுப்பரணின் கற்களிடையே கிடந்த காட்சி அவரை உலுக்கியது. அதனை அவர் சிறிய ஓவியமாக வரைந்தார். அதில் வெற்றியும் இல்லை, வீரமும் இல்லை. குருதி தோய்ந்த உடல்களும் சிதறிய கற்களுமே உள்ளன. எதிர்ப்பக்கத்தாரின் சாவையும் மறைக்காமல் காட்டிய அவ்வோவியம் இன்றும் காண்போரைத் திகைக்க வைக்கிறது.

சேற்றில் நடந்த பேரரசு

1859ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியனின் படையுடன் இத்தாலி சென்ற அவர், அதன்பின் போர் ஓவியங்களில் ஈடுபட்டார். 1864ஆம் ஆண்டு அவர் முடித்த '1814' என்னும் ஓவியம் தலைசிறந்தது. பகைவர் நாட்டுக்குள் புகுந்துவிட்ட நிலையில் முதலாம் நெப்போலியன் வெண்குதிரைமீது அமர்ந்து வருகிறான். பின்னால் தளபதியர் தளர்ந்து வருகின்றனர். உருகும் பனியும் சேறும் கலந்த பாதையில் வண்டிச் சுவடுகள் ஆழப் பதிந்துள்ளன. ஏறத்தாழ 52 செ.மீ. உயரமும் 77 செ.மீ. அகலமுமே உடைய அவ்வோவியத்தில் ஒரு பேரரசின் வீழ்ச்சி முழுமையும் அடங்கியுள்ளது.

குதிரையைத் தேடி

1807ஆம் ஆண்டின் பிரீட்லாந்துப் போரையும் அவர் வரைந்தார். மார்புக் கவசம் அணிந்த குதிரைப்படையினர் முழக்கமிட்டுப் பாய்ந்து செல்ல, குன்றின்மீது நெப்போலியனும் அவன் சூழலும் அசையாமல் நிற்கும் காட்சி அது. ஓடும் குதிரையின் கால்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிய, பாரிசுக்கு அருகிலுள்ள புவாசி என்னும் ஊரில் இருந்த தம் நிலத்தில் இருப்புப்பாதை அமைத்தார். அதன்மீது தள்ளுவண்டியில் விரைந்தவாறே, உடன் ஓடும் குதிரையைக் கண்டு வரைந்தார். பத்தாண்டுக்கும் மேலான உழைப்பில் 1875ஆம் ஆண்டு அவ்வோவியம் முடிந்தது. இன்று அது நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆயினும் 1878ஆம் ஆண்டு, அமெரிக்காவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பார் வரிசையாக நிறுத்திய நிழற்படக் கருவிகளால் ஓடும் குதிரையைப் படமெடுத்தார். முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னும் நீட்டிக் குதிரை பறப்பதாக ஓவியர்கள் வழிவழியாக வரைந்தது பிழையென்று அப்படங்கள் காட்டின. குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் கணத்தில் அவை வயிற்றின் அடியில் மடங்கியிருந்தன. வாழ்நாளெல்லாம் குதிரையைக் கூர்ந்து நோக்கிய முதியவருக்கு இது பேரதிர்ச்சி. எனினும் அவர் உண்மையை வெறுக்கவில்லை. 1881ஆம் ஆண்டு மைபிரிட்ஜைத் தம் இல்லத்திற்கு அழைத்து, பாரிசின் கலைஞர்கள் முன்னிலையில் அப்படங்களைக் காட்டச் செய்தார்.

புகழும் மறதியும்

1889ஆம் ஆண்டு பிரான்சின் உயரிய மதிப்புப்பட்டம் பெற்ற முதல் ஓவியரானார். ஆனால், கலைக்குழுவில் இருந்தபோது கூர்பே போன்ற புதுமையாளரை விலக்கிய கடுமையும் அவரிடம் இருந்தது. 1891ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் காலம் அப்புதுமையாளரையே உயர்த்தியது. மெசோனியேயின் பெயர் மங்கியது. லூவர் அரண்மனைத் தோட்டத்திலிருந்த அவர் சிலையும் அகற்றப்பட்டது.

புகழ் நிலையற்றது. ஆனால், பிறர் சாவை மறைக்காத நேர்மையும், தம் பிழையைக் காட்டியவரையே விருந்தினராக ஏற்ற பண்பும் நிலைத்து நிற்பவை. மெசோனியேயின் குதிரைகளைக் காணும்போது நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.