தூசியை எண்ணிய ஜான் எய்ட்கன்

மாணவர்களே, தூசிக்கும் மேகத்துக்கும் என்ன தொடர்பு? அதைச் சோதனை செய்து காட்டியவர் ஜான் எய்ட்கன்.

ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் 1839-ஆம் ஆண்டு பிறந்த இவர், கப்பல் பொறியியலில் பயிற்சி பெற்றார். உடல்நலம் குன்றியதால் அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது. ஆனாலும் சோர்ந்துவிடாமல், வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார்.

இரண்டு கண்ணாடிக் கலன்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சாதாரணக் காற்று; மற்றொன்றில் பஞ்சால் வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதல் கலனில் வெண்மூட்டம் நிறைந்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. நீராவி மேகத்துளியாக மாற, அது படிவதற்கு ஒரு நுண்துகள் தேவை என்பது புரிந்தது. 1880-இல் இம்முடிவை வெளியிட்டார். பின்னர், காற்றிலுள்ள துகள்களை எண்ணும் கருவியையும் உருவாக்கினார். 1919-இல் மறைந்தார். மிக நுண்ணிய துகள்கள் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

கடலின் மேலே, அலைச்சாரலிலிருந்து எழும் உப்புத்துகள்களிலும் மேகத்துளிகள் உருவாகின்றன. அங்கே கப்பல் புகை கலந்தால் துளிகளின் எண்ணிக்கை கூடும், அளவு சிறுக்கும், மேகம் மேலும் வெளுக்கும். செயற்கைக்கோள் படத்தில் அது நீண்ட வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் காரணத்தை நாம் அறிய வழிகாட்டியவர், கப்பல் தொழிலைக் கைவிட்ட எய்ட்கன்தான்.