சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்

எங்கள் ஊராகிய உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவர்களிற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள. கி. பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற அவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைப்பன. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவராய், 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவராய் இருப்போரின் பெயர்களே குடத்தில் இடப்பெற்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இச்சாசனங்களைக் காண வருவோர் யாவரும் முன்னோரின் நேர்மையை வியந்து செல்வர். அவ்வியப்புத் தக்கதே. ஆயினும், தகுதி வகுக்கும் விதி எதுவாயினும் அஃது ஒரு வாயிலை ஒக்கும் என்பதையும் நாம் மறத்தலாகாது. வாயில் சிலரை உள்ளே விடும். சிலரை வெளியே நிறுத்தும். நிலமும் வேதக் கல்வியும் இல்லாதார் அன்று இவ்வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர். ஆதலின் ஒரு விதியைக் காணும்போது, அஃது யாரை உள்ளே கொணர்ந்தது என்பதோடு, யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் வினவுதல் அறிவுடையார் கடமையாம். இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் வாயாற் கேளாது செயலாற் கேட்டவர் ஒருவர் உளர். அவரே சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

இவ்வம்மையாரைப் பற்றி எழுத யான் முற்பட்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்கு முதன்முதல் எழுத்தறிவித்த ஆசிரியை இளமையிலேயே கணவனை இழந்தவர். ஆசிரியப் பயிற்சிக்கு ஓர் இடம் கிடைத்தமையால் அவர் தம் மக்கள் இருவரையும் பிறர் கையை எதிர்நோக்காது வளர்த்து ஆளாக்கினார். அவ்விடம் கிடைத்திராவிடின் அவர் வாழ்வு எவ்வாறு முடிந்திருக்குமோ! பயிற்சிக் கல்லூரியின் வாயில் அவரைப் போன்ற மகளிர்க்கு எவ்வாறு திறந்தது என ஆராயப் புகுந்தபோதே இவ்வம்மையாரின் வரலாறு என் கண்ணுக்குப் புலனாயிற்று.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. இவர்தம் குடும்பம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைச் சேர்ந்தது. தந்தையார் பொறியியல் கற்று அரசாங்க அலுவல் பார்த்தவர். அம்மையார் ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வெழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் முதன்மையுற்றார் என்பர். எங்கள் உத்திரமேரூரும் அந்நாளிற் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே ஆதலின், இச்செய்தி எங்களுக்குத் தனிப்பெருமை தருவதாகும்.

ஆனால் அக்காலத்து வழக்கம் அறிவைப் போற்றி நிற்கவில்லை. சிறு வயதிலேயே அம்மையார்க்கு மணம் நிகழ்ந்தது. மணம் நிகழ்ந்த சில நாட்களுக்குள் கணவர் இறந்தார். வாழ்க்கை இன்னதென அறியாத பருவத்திலேயே கைம்மை வந்து எய்தியது. அந்நாளில் அந்தணர் குலத்துக் கைம்பெண்ணின் நிலை சொல்லுந்தரத்தன்று. கூந்தல் களையப்பெறும், வண்ண உடை விலக்கப்படும், நற்செயல் நிகழும் இடங்களில் அவள் முகத்தைக் காண்டலும் தீநிமித்தம் எனக் கருதப்படும். அடுக்களையின் ஒரு மூலையே அவள் உலகம். இவ்வழக்கம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது. ஆயினும் எழுதிய சட்டத்தினும் வலியதாய் எண்ணற்ற சிறுமியரைக் கல்விச்சாலைக்குப் புறத்தே நிறுத்தியது.

சுப்பலட்சுமியின் பெற்றோர் அவ்வழக்கத்துக்குத் தலைவணங்கவில்லை. மகளை மூலையில் ஒடுக்காது கல்வியிற் செலுத்தினர். தாமும் இளமையிற் கைம்மையுற்றவராகிய சிற்றன்னை வாலாம்பாள் அவர்க்கு உற்ற துணையாயினார். தந்தையார் இல்லத்திலேயே பாடம் பயிற்றினார். பின்னர் வேப்பேரிப் பிரசண்டேஷன் கான்வெண்டிற் சேர்ப்பித்தார். உறவினரும் அயலாரும் பழித்தனர். எனினும் தந்தையார் தளர்ந்திலர். அக்கான்வெண்டிலே துறவு பூண்ட கன்னியர் பிறர் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுதலையே வாழ்வாகக் கொண்டிருந்த காட்சி, இளம் சுப்பலட்சுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்தை விட்டு நீங்காமலே அவ்வகைத் தொண்டைத் தம் குலத்துக் கைம்பெண்களுக்குச் செய்தல் வேண்டும் என அவர் உறுதி பூண்டார். சகோதரி என்னும் பெயர் அவர்க்கு வழங்கலாயிற்றும் இத்தொண்டு பற்றியே. பின்னர் மாநிலக் கல்லூரியிற் பயின்று 1911-ஆம் ஆண்டிற் பி. ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்திற் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் இவரே.

பட்டம் பெற்றவர் தம் நலம் ஒன்றையே நாடியிருப்பாராயின் இவ்வரலாறு இங்கே முடிந்திருக்கும். 1912-ஆம் ஆண்டில் அம்மையார் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். எழும்பூரிலே தம் இல்லத்தில் நான்கு இளங் கைம்பெண்களை வைத்துக் கல்வி பயிற்றத் தொடங்கினார். அந்நாளில் அரசாங்கமோ வேறொரு தொல்லையில் உழன்றது. பெண்பள்ளிகளைத் திறக்கலாம்; ஆனால் ஆடவர் ஆசிரியராயிருக்கும் பள்ளிக்குப் பருவமடைந்த மகளிரை அனுப்பப் பெற்றோர் இசையவில்லை; ஆசிரியைகளோ கிடைத்திலர். மணமான மகளிர் இல்லறத்திற் கட்டுண்டனர். கன்னியராய் நிற்பாரோ இலர். எஞ்சியோர் கைம்பெண்களே. ஒருபுறம் ஆசிரியையின்றி வாடும் பள்ளிகள். மறுபுறம் தொழிலின்றி வாடும் கைம்பெண்கள். இவ்விரண்டையும் இணைத்தால் இரண்டு துன்பமும் ஒருங்கே தீரும் என்பதைப் பள்ளிகளின் கண்காணிப்பாளராயிருந்த லிஞ்சு அம்மையாரும் நம் அம்மையாரும் கண்டனர். அதன் பயனாய், ஆசிரியைத் தொழிலுக்குப் பயில இசையும் அந்தணக் கைம்பெண்களுக்கு அரசாங்க உதவியோடு ஒரு விடுதி அமைந்தது. வாடகை வீடுகளில் நடைபெற்ற அது, அரசாங்கம் 1917-ஆம் ஆண்டில் வாங்கிய ஐஸ் ஹவுஸ் மாளிகையிற் குடியேறியது. முன்னர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி வைத்திருந்த கட்டடம் அது. 1897-ஆம் ஆண்டில் விவேகானந்த சுவாமிகள் தங்கியதும் அங்கேயே.

அவ்விடுதியின் விதிகளை இன்று நோக்குவார்க்கு ஒரு வினா எழும். அந்தணர் குலத்தார்க்கு மட்டும் இடமளித்தல் தகுமா? அக்குலத்துப் பெற்றோர் தம் ஆசாரம் கெடாது என்னும் உறுதியின்றி மகளிரை அனுப்பியிரார் என்பது உண்மை. ஆயினும் பிற குலத்துக் கைம்பெண்களும் அதே துன்பத்துக்கு ஆளாகி வெளியே நின்றனர் என்பதும் உண்மையே. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் முறையன்று. எங்கள் ஊர்ச் சாசனத்தைப் போலவே இவ்விதியும் ஒரு வாயிலைத் திறந்து மற்றொன்றைச் சாத்தியது. அம்மையாரின் பெருமை அவ்விதியில் அன்று. அதனோடு அவர் நின்றுவிடாமையிலேயே உளது.

விடுதி விதியில் வயதெல்லையும் இருந்தது. 18 வயதுக்கு மேற்பட்டார்க்கு அங்கு இடமில்லை. அவ்வயது கடந்த பின் கணவனை இழந்தவள் யாது செய்வாள்? அரசாங்க விதியை மாற்றுதல் அம்மையார்க்கு இயலவில்லை. அதனால் அவர் மனம் சோர்ந்திலர். 1920-களில் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பிற் சாரதா வித்தியாலயத்தைத் தோற்றுவித்து, வயது முதிர்ந்த கைம்பெண்களும் தங்கிக் கற்குமாறு செய்தார். அவ்வித்தியாலயம் பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் வசமாயிற்று. சாத்திய கதவை முட்டிக்கொண்டு நில்லாது, அதன் பக்கத்திலேயே மற்றொரு வாயிலை அமைத்தல் அம்மையாரின் இயல்பு.

இவ்வியல்பு முழுமையாக விளங்கியது 1922-ஆம் ஆண்டிலே. அவ்வாண்டிற் கடற்கரையில் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அம்மையாரே அதன் முதல் தலைவியானார். பட்டதாரிகளே ஆசிரியப் பயிற்சி பெறலாம் என விதித்திருந்தால், பெண் பட்டதாரிகள் அரியராயிருந்த அந்நாளிற் கல்லூரி வெறுமையாய்க் கிடந்திருக்கும். ஆதலின் மூவகைப் பயிற்சி அங்கு வகுக்கப்பெற்றது: பட்டம் பெற்றார்க்கு ஒன்று, நடுநிலை வகுப்புகளிற் பயிற்றுவார்க்கு ஒன்று, தொடக்க வகுப்புகளிற் பயிற்றுவார்க்கு ஒன்று. கல்லூரியோடு ஒரு பயிற்சிப் பள்ளியும் இணைந்திருந்தது. நூலிற் கற்ற முறையை அங்கே சிறுவர் முன்னிலையிற் கையாண்டு காட்டுதல் மாணவியரின் கடமை. அங்கே குலமும் சமயமும் கதவுக்குத் தாழாக இருந்தில. அடுத்த 1923-ஆம் ஆண்டில் வேப்பேரியிற் கிறிஸ்தவத் திருச்சபைகள் ஒன்றுகூடிப் புனித கிறிஸ்டோபர் பயிற்சிக் கல்லூரியை மகளிர்க்கென நிறுவின. இங்ஙனம் இரண்டாண்டுகளுக்குள் இரு வாயில்கள் திறந்தன.

தகுதி விதிப்பது எளிது. அத்தகுதியை எய்தப் படிக்கட்டு அமைப்பது அரிது. பட்டம் வேண்டும் என்னும் விதி, பட்டம் பெறும் வழியில்லாதார்க்கு வெறுஞ் சுவரேயாம். அம்மையார் படிகளை அமைத்தார். எழுத்தறியாது வந்த சிறுமி விடுதியிற் கற்று உயர்நிலைப் பள்ளியை எய்துவாள். விரும்பினால் 1914-ஆம் ஆண்டில் அருகே தோன்றிய இராணி மேரி கல்லூரியிற் பயில்வாள். பின்னர்ப் பயிற்சி பெற்று ஆசிரியையாவாள். ஊரார் தீநிமித்தமென ஒதுக்கியவளிடத்தே அவ்வூர்ப் பெண்கள் எழுத்தறிவு பெற்றனர். இதனினும் இனிய வெற்றி யாது உளது!

அம்மையார் அரசாங்க ஊழியராயிருந்தமையால் இயக்கங்களில் வெளிப்படையாய்ச் சேர இயலவில்லை. எனினும் கைம்மையின் வேர் குழந்தை மணமே என்பதை உணர்ந்தவராதலின், அதனை ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன்னர்ச் சான்றுரைத்தார். 1929-ஆம் ஆண்டிற் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திலர். 1942-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் முதியோராகிய மகளிர்க்கு ஸ்ரீ வித்தியா கலாநிலையத்தை நிறுவினார்; 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராயிருந்தார்; தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்திற் சிற்றூர் மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் நலநிலையம் ஒன்று அமைத்தார். 1920-ஆம் ஆண்டிற் கைசர்-இ-ஹிந்த் பதக்கமும், 1958-ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் தொடங்கிய கல்லூரி இன்று கல்வியியல் உயராய்வு நிறுவனமாய் அக்கடற்கரையிலேயே நிற்கின்றது. தமிழ்நாட்டு அரசு, உதவி பெறும் கல்லூரிகளின் பி. எட். இடங்களுக்குரிய கலந்தாய்வு பல ஆண்டுகள் அங்கேயே நடைபெற்றது. இக்காலத்துச் சேர்க்கை விதிகளும் நம்மவர் அறிந்தனவே: இளநிலைப் பட்டத்தில் பொதுப் பிரிவினர்க்கு நூற்றுக்கு 50, பிற்பட்டோர்க்கு 45, மிகவும் பிற்பட்டோர்க்கு 43, ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் 40 மதிப்பெண். எல்லார்க்கும் ஒரே உயரமுள்ள படியை வையாது, நின்ற இடம் நோக்கிப் படியமைக்கும் கருத்து இதில் உளது. அரசுப் பணி நியமனத்தில் மகளிர்க்குரிய இடங்களுள் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற கைம்பெண்களுக்கு ஒதுக்கப்பெறுகிறது. ஐஸ் ஹவுஸில் தொடங்கிய எண்ணம் இன்று அரசின் விதியாகவே நிலைபெற்றது எனல் பொருந்தும்.

மாணவ நண்பர்காள்! நம்முட் பலர் பட்டம் பெற்றபின் ஆசிரியப் பயிற்சியை நாடுவோம். மதிப்பெண் பட்டியலில் நம் பெயர் உளதா என்று மட்டும் நோக்கி மகிழ்தலும் வருந்துதலும் இயல்பே. ஆயினும் அப்பட்டியலுக்கு வெளியே நிற்பவர் யார், அவர் உள்ளே வர நாம் அமைக்கக்கூடிய படி யாது என ஒரு கணம் சிந்திப்போமாயின், அதுவே ஆசிரியத் தொழிலின் முதற்பாடமாகும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது என் பழைய ஆசிரியையை இன்றும் காண்கின்றேன். அவர் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் சிறார் அமர்ந்து பாடம் படிக்கின்றனர். கல்லிற் பொறித்த விதிகளைக் காணும் எங்கள் ஊரார் அத்திண்ணையையும் ஒருமுறை காண்பாராக!