கேலியைத் தாங்கி ரப்பரைக் கற்றுத்தந்த ரிட்லி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் வைத்திருக்கும் உங்களுக்கு விடியற்காலைப் பால்வெட்டு பழகிப்போன வேலை. பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டு, சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்குப் போகிறீர்கள். அடுத்த முறை புது இடத்தில் வெட்டுவதில்லை. பழைய வெட்டின் கீழ் ஓரத்தையே சீவுகிறீர்கள். இந்த முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் ஒரு தாவரவியல் பூங்காவின் இயக்குநர். அவர் பெயர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

மரம் வந்தது, வெட்டத் தெரியவில்லை

ரிட்லி 1855ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து, லண்டன் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் வேலை பார்த்தார். 1888ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்றார்.

அவருக்கு முன்பே ரப்பர் அங்கு வந்துவிட்டது. 1876ல் ஹென்றி விக்காம் என்பவர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை 3,000 கூட இல்லை. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. கன்றுகள் மரமாகி, காய்த்து, விதையும் தந்தன. ஆனால் தோட்டக்காரர்களைப் பொறுத்தவரை அந்த முயற்சி கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது.

காரணம் எளிது. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்து கட்டை வரை இறங்கும்; மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். சொந்த நிலத்தில் வளர்த்த மரத்தை அப்படிக் கொத்த யாருக்கு மனம் வரும்? பலன் தர ஆறேழு ஆண்டு ஆகும் மரம் வேறு. மலாயாத் தோட்டக்காரர்களுக்கு அப்போது காபி பணம் தந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு இதற்கு வா என்றால் நீங்களாக இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

மரமே பாடப்புத்தகம்

ரிட்லி முதலில் யாரிடமும் பேசி வாதாடவில்லை. பூங்காவின் மரங்களில் கத்தி வைத்துப் பார்த்தார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்திசுவைத் தொடாமல் சீவினால் பட்டை மீண்டும் வளர்வதைக் கண்டார். வெட்டிய ஓரத்தையே மறுபடி சீவினால் முதல் நாளைவிட அடுத்தடுத்த முறைகளில் பால் கூடுவதையும் கண்டார். வெயில் ஏறும் முன் வெட்டினால் பால் நன்றாக ஓடியது. நடுவில் ஒரு நேர்க்கோடு, அதில் வந்து சேரும் சாய்வு வெட்டுகள் என மீன்முள் வடிவ வெட்டை 1890களில் உருவாக்கினார். இன்றைய அரைச்சுற்று வெட்டுக்கும் அடிப்படை அந்தச் சீவல்தான்.

பிறகுதான் அவரது பூங்கா வகுப்பறை ஆனது. வருகிற தோட்டக்காரர்களை மரத்தடிக்கே அழைத்துப்போய்ப் பால் எடுப்பதைக் காட்டினார். வேளாண் இதழ் ஒன்றை நடத்தி, சோதனை முடிவுகளை அதில் எழுதினார். பார்க்கிறவர்களின் சட்டைப் பையில் ரப்பர் விதையைத் திணித்துவிடுவார் என்று இன்றும் சொல்வார்கள். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவர் விதை கொடுப்பதை நிறுத்தவில்லை.

காபி விழுந்தது, ரப்பர் எழுந்தது

அந்தப் பத்தாண்டிலேயே காபிக்கு நோயும் பூச்சியும் வந்தன; விலையும் சரிந்தது. 1896ல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் ரிட்லியின் பேச்சை நம்பி சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்குத் தேவை கூடியபோது, அந்த மரங்கள் பாலுக்குத் தயாராக இருந்தன. சிரித்தவர்களே விதை கேட்டு வரிசையில் நின்றார்கள். 1917க்குள் அந்தப் பூங்கா கொடுத்த ரப்பர் விதைகள் 70 லட்சத்துக்கும் மேல்.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கப்பல் ஏறிய தமிழர்கள். ரிட்லியின் முறை உலகச் சந்தையைப் பிடித்தது அவர்கள் கைத்திறனால்தான். அந்த உழைப்புக்கு ஏற்ற கூலி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ரிட்லி ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதினார். 1956ல், 100 வயதில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 22 கன்றுகள் வந்தபின் சுமார் 20 ஆண்டுகள் யாரும் தோட்டம் போடவில்லை. விதை இருந்தது, அதைப் பயன்படுத்தும் முறை தெரியவில்லை. புது ரகமோ புதுக் கருவியோ கொடுக்கும்போது, ஒரு செயல்விளக்கத் திடலில் செய்துகாட்டாமல் கொடுக்காதீர்கள். முதல் ஆண்டில் யாரும் வரவில்லை என்று திடலை மூடியும் விடாதீர்கள்.

ரப்பர் விவசாயிகளுக்கும் ஒன்று. ஒட்டுக்கன்று மரம் 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவு வந்த பிறகே கத்தி வையுங்கள். நாளைக் காலை உங்கள் மரத்தின் வெட்டை விரலால் தடவிப் பாருங்கள். மீண்டும் வளர்ந்த பட்டை வழவழப்பாக இருந்தால் வெட்டுபவரின் கை சரியாக இருக்கிறது. முண்டுகள் தட்டுப்பட்டால் கத்தி கட்டையைத் தொடுகிறது. பால் வெட்டுபவரைத் திட்டாதீர்கள். நன்றாக வெட்டத் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து, அந்த மரத்தடியிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.