ரேந்தைத் தொழில் வளர்த்த மார்த்தா மால்ட் அம்மையார்

சென்னையினின்று செங்கற்பட்டு நோக்கிக் காலைப்பொழுதில் இரயிலேறிச் செல்வோர், சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இளமகளிர் பலர் இறங்குதலைக் காண்பர். அவருட் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர். தொழிற்சாலைக்குச் செல்லாது வீட்டிலிருந்தபடியே சேலையும் சட்டையும் கொண்டு வாணிகம் நடத்தும் மகளிரும் இந்நாளில் ஊர்தோறும் உளர். அவர்கள் தம் சரக்கின் படத்தைக் கைப்பேசி வழியே அனுப்பி, முகமறியாத தொலைவூராருக்கு விற்றுப் பொருளீட்டுகின்றனர். பெண்கள் ஆடைத்தொழிலால் தொலைவிலுள்ளாரோடு வாணிகம் புரிதல் நேற்றுத் தோன்றிய புதுமை என இவர்களைக் காண்போர் எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது.

பிலிப்பி பட்டணத்தில் பவுலடியாரைத் தன் இல்லத்தில் ஏற்றுப் பேணிய லீதியாள், தியத்தீரா ஊரினின்றும் வந்து இரத்தாம்பரம் விற்ற வணிகப் பெண் என்பதைத் திருமறை கற்றார் அறிவர். அத்தகைய வாணிகம் ஒன்று நம் தமிழ் நிலத்திலேயே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்னர்த் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கில அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டு சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவ்வம்மையார் 1794-ஆம் ஆண்டு பிறந்தவர். லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த சார்லஸ் மால்ட் என்பாரை மணந்து, 1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். இன்று தமிழ்நாட்டில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. ஆங்கு முன்னரே வந்திருந்த மீட் ஐயரின் மனைவியார் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். பின்னர் மீட் குடும்பத்தார் நெய்யூருக்குப் பெயர்ந்தனர்; நாகர்கோவிற் பணி முழுதும் மால்ட் தம்பதியர் கைக்கு வந்தது. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. உணவும் உடையும் அளித்துத் தங்கவைத்தாலன்றி எவரும் தம் பெண்மக்களை அனுப்பார். அதற்கு வேண்டும் பொருளோ சங்கத்தினிடம் இல்லை. இவ்விடர்ப்பாடே அம்மையாரை வாணிகத்தின்பாற் செலுத்தியது.

தம் நாட்டுப் பெண்டிர் கைத்தொழிலாகிய ரேந்தைப் பின்னலை 1821-ஆம் ஆண்டளவில் அவர் தம் மாணவியர்க்குக் கற்பிக்கலானார். இத்தொழிலைக் கண்டிராதார் பொருட்டு அதன் முறையைச் சிறிது கூறுவோம். உள்ளே இறுக அடைத்த திண்டு ஒன்றின்மேல், பூவும் கொடியுமாகப் புள்ளி குத்திய காகிதத்தைப் பொருத்துவர். அப்புள்ளிகளிற் குண்டூசிகளை நடுவர். நூல் சுற்றிய சிறு கட்டைகள் பலவற்றை இருகையாலும் மாறிமாறிக் கடத்தி, ஊசிகளைச் சுற்றி நூலோடு நூலைப் பின்னுவர். கட்டைகள் மிகமிகப் பூவேலை நுணுகும். ஒரு கட்டை வரிசை மாறினும் பூ சிதைந்துவிடும். வயலிற் களைபறித்தும் பனையோலை முடைந்தும் பழகிய கைகள் இந்நுண்தொழிலை விரைவிற் கற்றுக்கொண்டன.

அக்காலத்தில் ஆங்கில நாட்டில் ஒரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஹீத்கோட் என்பார் 1809-இல் ரேந்தைவலை பின்னும் இயந்திரத்தைக் கண்டமையால், இயந்திர ரேந்தை மலிந்தது. ஆங்குக் கையால் பின்னுவோர் நலிந்தனர். ஆயினும் செல்வர் கைப்பின்னலையே விரும்பினர். விக்டோரியா அரசியார் 1840-இல் தம் மணவுடையில் ஹானிட்டன் என்னும் கைரேந்தையை அணிந்தமை அதன் மதிப்பை மேலும் உயர்த்திற்று. இந்நிலையில் நாகர்கோவில் ரேந்தைக்கு வாங்குவோர் கிடைத்தனர். இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பத்தார் வாங்கினர்; கடல் கடந்தும் அது சென்றது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல் ஆதலின், அதற்கு முற்பட்ட கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கிற் சென்றன. பின்னினவள் அணிந்தவளைக் கண்டிலள். அணிந்தவளும் பின்னினவளை அறிந்திலள். சரக்கு நன்றாயிருத்தல் ஒன்றே இருவரையும் இணைத்தது.

இனி, இவ்வாணிகத்தின் தலையாய பயனுக்கு வருவோம். அக்காலத் திருவிதாங்கூரில் மக்கள் நிலத்தோடு விற்கவும் ஒற்றிவைக்கவும் படும் அடிமைகளாய் இருந்தனர். 1836-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர் தொகை 1,64,000-க்கும் மேற்பட்டது. மால்ட் அம்மையாரிடம் ரேந்தை பயின்றாருள் அடிமைப் பெண்களும் இருந்தனர். அவர்கள் தாம் ஈட்டிய கூலியினின்றும் தம் விலையைச் செலுத்தி விடுதலை பெற்றனர். அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-இல். அரசாணைக்குப் பல்லாண்டு முன்னரே இப்பெண்கள் தம் விரல்களாலே தம்மை மீட்டுக்கொண்டனர். எஞ்சிய ஊதியம் பள்ளிக்கு உணவும் உடையுமாயிற்று. இரந்து பெறாது ஈட்டிப் பெற்ற பொருளால் ஒரு பெண்கள் பள்ளி நடந்ததென்பது, அந்நாளில் எளிய செயலன்று.

மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. நாடார் முதலிய குலத்துப் பெண்டிர் தம் மார்பையும் தோளையும் மறைத்தல் கூடாதென்று மேற்குலத்தார் தடுத்த நாடு அது. மறைத்தவர்களின் சீலைகள் சந்தையிற் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் கோயில்களும் தீக்கிரையாயின. 1829-இல் வெளிவந்த அரச விளம்பரம், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாமென்று கூறி, மேற்சீலையைத் தடுத்தது. தோள்சீலை உரிமை கிடைத்தது 1859-இல்தான். தன் தோளை மூட உரிமையில்லாத ஒருத்தி, கடலுக்கப்பால் உள்ள சீமாட்டியின் தோளுக்கு அணிசெய்யும் ரேந்தையைப் பின்னிக்கொண்டிருந்தாள் என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் கனக்கின்றது. அக்கூலியால் அவள் தனக்கென ஒரு குப்பாயம் வாங்கியிருப்பின், அவ்வாடை வெறும் அழகுப்பொருள் ஆகாது.

அம்மையாரின் மகளாராகிய எலைசா, இளமைமுதல் தமிழ் கேட்டு வளர்ந்தவர். அவர் 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட அப்பெரியாரைத் தமிழ் பயிலும் நாம் நன்கறிவோம். அவர்தம் மனைவியார், தாயிடம் கற்ற ரேந்தைத் தொழிலைத் தேரி மணல் சூழ்ந்த அவ்வூரிற் பரப்பிப் பெண்கள் பள்ளியும் நடத்தியமையை அத்துணை நினைப்பதில்லை. மார்த்தா அம்மையார் முப்பதாண்டுக்கு மேற் பணிபுரிந்து, 1850-களின் நடுவில் கணவருடன் தாயகம் திரும்பினார். 1858-இல் கணவர் மறைந்தார். 1870-இல் அம்மையாரும் இறைவனடி சேர்ந்தார்.

குறைகளையும் மறையாது கூறுதல் வரலாறு எழுதுவார் கடன். காகிதத்திற் பூவை வரைந்தவரும், விலை பேசியவரும், கணக்கு வைத்தவரும் அம்மையாரும் மிஷனுமேயாவர். பின்னிய பெண்களுக்குக் கூலியுண்டேயன்றி வாணிகத்தில் உரிமையில்லை. அவர்தம் பெயர்களும் பெரும்பாலும் நமக்கு எட்டவில்லை. அம்மையாருடைய நிலையும் இதனின் மிக வேறன்று. சங்கம் நியமித்து ஊதியமளித்தது கணவரையே. மனைவியின் உழைப்பு அவரது பணியுள் அடங்கியதாகவே கருதப்பட்டது. பிறர் பொருளீட்ட வழிசெய்த அவர், தமக்கென ஈட்டினாரல்லர்.

ஆதலின் சிங்கப்பெருமாள் கோவிலினும் பிறவூரினும் இன்று ஆடை விற்றுப் பொருளீட்டும் நம் சகோதரியரைக் காணுங்கால், எத்தனை சேலை விற்றது என்று மட்டும் நாம் கேட்டல் போதாது. விற்ற பணம் எவர் கையில் நிற்கின்றது, கணக்கு எவர் பெயரில் இருக்கின்றது என்றும் கேட்டல் வேண்டும். நாகர்கோவிலில் அடிமைப்பெண் ஒருத்தி தன் கூலிக்காசை எண்ணி எடுத்து வைத்தபோது, அக்காசு அவளுடையதாய் இருந்தமையாலன்றோ அவள் விடுதலையும் அவளுடையதாயிற்று. அதனை அவள் கையிற் சேர்ப்பித்த அம்மையாரின் நினைவு நம்மிடை நிலைப்பதாக.